யூரிக் ஆசிட்: பருப்பா, தொப்பையா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அளவு தாண்டிய எண் தடித்த எழுத்தில் வரும். சுகர் தடித்து வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் அசருவதில்லை. "தெரிஞ்சதுதான" என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்கள். கொழுப்பு தடித்து வந்தால் பக்கத்தில் நிற்கும் வீட்டம்மாவை ஒரு பார்வை பார்ப்பார்கள். யூரிக் ஆசிட் தடித்து வந்தால் மட்டும் கவுண்டரை விட்டு நகராமல் ஒரு கேள்வி வரும்: "அப்ப இனி பருப்பைத் தொடக்கூடாதோ?"

மதுரை அண்ணா நகரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்வதும் என் வேலை இல்லை. ஆனால் முழு உடல் பரிசோதனைக்கு வருகிறவர்களை எடை மெஷினில் ஏற்றி, உயரம் பார்த்து, இடுப்பில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டுதான் ஊசியை எடுப்போம். மதியத்துக்குள் மற்ற எண்களும் வந்துவிடும். காலையில் எழுதிய இடுப்பளவும் மதியம் வந்த யூரிக் ஆசிடும் ஒரே தாளில் நிற்பதை வருஷக்கணக்கில் பார்த்துவிட்டவனுக்குப் பருப்பின் மேல் அவ்வளவு கோபம் வராது. இடுப்பு 100 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆண் என்றால், யூரிக் ஆசிட் (100 மில்லி ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) 7ஐ ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு ஊகம் ஓடும். பல நேரம் சரியாகவும் இருக்கும்.

யூரிக் ஆசிடை எப்படி அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் ரீஏஜென்ட் என்ற பரிசோதனை ரசாயனப் பாட்டிலில் யூரிகேஸ் என்று ஒரு நொதி உண்டு. ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவமான சீரத்தை அதில் விட்டு 37 டிகிரியில் சில நிமிஷம் வைத்தால், யூரிகேஸ் போய் யூரிக் ஆசிடை உடைத்து அலன்டாயின் என்ற பொருளாக மாற்றும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது பாட்டிலில் உள்ள மற்ற ரசாயனங்களோடு சேர்ந்து ரோஸ் நிறம் காட்டும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு யூரிக் ஆசிட். 9, 10 என்று இருக்கும் சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே பக்கத்து ட்யூபைவிடச் சிவந்து நிற்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த யூரிகேஸ் மாட்டுக்கு உண்டு, ஆட்டுக்கு உண்டு, நாய்க்கும் உண்டு. மனிதனுக்கும் கொரில்லா, சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் கிடையாது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் நம் மூதாதைகளிடம் அந்த மரபணு கெட்டுப்போனதாகக் கணக்கிடுகிறார்கள். மற்ற விலங்குகள் யூரிக் ஆசிடை உடைத்து எளிதில் கரையும் பொருளாக்கி வெளியேற்றுகின்றன. நமக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பறவைகளுக்கும் அடைபட்டதுதான், ஆனால் அவை அதையே பழக்கமாக்கிக்கொண்டன. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் புறாக்கள் வைத்திருக்கும் வெள்ளைக் கறை முக்கால்வாசி யூரிக் ஆசிட் சமாச்சாரம்தான்.

ஆக, உண்டாகும் யூரிக் ஆசிடைச் சிறுநீரகம் பெரும்பகுதி, குடல் கொஞ்சம் என்று அப்படியேதான் வெளியே தள்ள வேண்டும். எங்கிருந்து உண்டாகிறது? சாப்பாட்டில் உள்ள ப்யூரின் என்ற பொருளிலிருந்து வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு நம் உடம்பின் சொந்த உற்பத்தி. பழைய செல்கள் உடைவதிலும் உடம்பின் அன்றாட வேலைகளிலும் உண்டாவது. இதனால்தான் எவ்வளவு கடும் பத்தியம் இருந்தாலும் ப்யூரினைக் குறைப்பதால் மட்டும் ரத்தத்தில் இறங்குவது ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்கிறார்கள். 9ல் இருப்பவர் எல்லாவற்றையும் துறந்தால் 8க்கு வருவார். 6.8ஐத் தாண்டினாலே அது ரத்தத்தில் முழுசாகக் கரையாமல் படிகமாகத் தொடங்கும் என்பதால், 8 ஒன்றும் பெருமைப்படத்தக்க எண் இல்லை.

இனி வெளியே போகும் வழி. சிறுநீரகம் வடிகட்டும் யூரிக் ஆசிடில் 90 சதவீதத்தை மறுபடியும் ரத்தத்துக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறது. அளவு கூடியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு உற்பத்தியில் இல்லை, இந்த இடத்தில்தான். வீட்டில் குப்பை மலை மாதிரி சேர்கிறதென்றால் நிறையச் சமைத்தோம் என்றே அர்த்தமில்லை; மாநகராட்சி வண்டி வரவில்லை என்றும் இருக்கலாமே. வண்டியை நிறுத்தி வைப்பது யார் என்று பார்த்தால் இன்சுலின் வந்து நிற்கும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் கேட்பதில்லை. கணையம் அதற்கு ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கும். சுகரைப் பொறுத்தவரை செவிடாகிவிட்ட உடம்பில், சிறுநீரகம் மட்டும் இன்சுலினின் பேச்சை நன்றாகவே கேட்கும்: உப்பைப் பிடித்து வை, யூரிக் ஆசிடைப் பிடித்து வை. தொப்பை, பிபி, யூரிக் ஆசிட் மூன்றும் ஒரே ஆளிடம் கூட்டாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதோடு வயிற்றுக் கொழுப்பு அதிகமாகும்போது உற்பத்தியும் கூடுகிறது. இரண்டு பக்கமும் இடி.

அமெரிக்காவில் 14,000க்கு மேற்பட்டவர்களின் தேசிய உடல்நல சர்வே விவரங்களை வைத்து 2020ல் ஒரு கணக்கு வந்தது. யூரிக் ஆசிட் மிகுந்திருப்பதற்கு எது எவ்வளவு பொறுப்பு என்பதுதான் கேள்வி. அதிக எடைக்கு 44 சதவீதம். சில பிபி மாத்திரைகளில் இருக்கும் நீர் போக்கும் மருந்துகளுக்கு 12. நல்ல உணவு முறையைக் கடைப்பிடிக்காததற்கு 9. மதுவுக்கு 8. அது அவர்கள் ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டுக்கும் தொப்பைக்கும் நடுவில் உள்ள தூரம் அதில் நன்றாகத் தெரிகிறது.

என் மனைவியின் அண்ணனுக்குக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 96 கிலோ இருந்தார். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். ஒருநாள் விடியற்காலையில் வலது கால் பெருவிரலில் வலி வந்தது. யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகிச் சேர்வதால் வரும் இந்த வியாதியைக் கவுட் என்பார்கள். போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிறது என்று போனில் சொன்னார். நான் போய்ப் பார்க்கும்போது விரல் அடிமூட்டு தக்காளி நிறத்தில் மினுமினுத்தது. பெருவிரலுக்கு வருவதற்குக் காரணம் உண்டு: உடம்பின் மற்ற இடங்களைவிடக் கால் நுனியில் சூடு குறைவு, சூடு குறைந்தால் யூரிக் ஆசிட் சீக்கிரம் படிகமாகும்.

டாக்டர் வலிக்குக் கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்து, ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அன்று ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.9தான் காட்டியது. "பாத்தீங்களா மாப்ள, அது இல்லவே இல்ல, எங்கிட்டோ இடிச்சிருக்கேன்" என்று சந்தோஷப்பட்டார். வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இறங்கித் தெரிவது சகஜம். வலி அடங்கி ரெண்டு வாரம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். பார்த்தபோது 9.1.

வீட்டில் உடனே பருப்பு தடைசெய்யப்பட்டது. சாம்பார் போனது, கீரை போனது, தக்காளி போனது, காலிஃபிளவரும் போனது. அந்த வாரம் கடைக்குப் போனால், மனுஷன் கல்லாவில் உட்கார்ந்து, நோகும் காலைப் பக்கத்தில் இருந்த துவரம்பருப்பு மூட்டை மேல் நீட்டி வைத்திருக்கிறார். "மச்சான், சத்ருவை மிதிச்சே கொல்லப் போறீங்களா" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டால் நாலு பரோட்டா, சால்னா. கேட்டால், பரோட்டாவில் ப்யூரின் இல்லையாம், மொபைலில் பார்த்தாராம்.

உண்மைதான், மைதாவில் ப்யூரின் குறைவு. இங்கேதான் இந்தப் பட்டியல்கள் ஆளைக் கவிழ்க்கின்றன. "ப்யூரின் குறைந்த உணவுகள்" என்று தேடினால் வெள்ளைச் சோறு, மைதா, ரவை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் கைகட்டி நல்ல பிள்ளையாக வரிசையில் நிற்கும். பருப்பும் கீரையும் பட்டாணியும் குற்றவாளிக் கூண்டில். அந்தப் பட்டியலை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இடுப்பு இன்னும் ரெண்டு அங்குலம் கூடும், இன்சுலின் கூடும், சிறுநீரகம் யூரிக் ஆசிடை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வைத்தியமே வியாதியை வளர்க்கிற கதை. 47,000 ஆண்களைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த மூட்டு வியாதி கூடுதலாக வந்தது. ப்யூரின் மிகுந்த காய்கறிகளால் அப்படிக் கூடவில்லை. பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. அடுத்த வருஷம் அதே ஆட்களின் எடையைப் பார்த்தார்கள். 21 வயதுக்குப் பிறகு 13, 14 கிலோவுக்கு மேல் ஏறியவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாலரை கிலோவுக்கு மேல் குறைத்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட 40 சதவீதம் இறங்கியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2000ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வு. பதிமூன்றே பேர். எல்லோருக்கும் இந்த வியாதி. ப்யூரினைப் பற்றிக் கவலைப்படாமல், மொத்தக் கலோரியையும் மாவுச்சத்தையும் குறைத்து, வெள்ளை மாவு, சர்க்கரைக்குப் பதில் முழு தானியம் கொடுத்தார்கள். மீனைக்கூடத் தடுக்கவில்லை. நாலு மாதத்தில் சராசரியாக 7.7 கிலோ எடை குறைந்தது. யூரிக் ஆசிட் 9.6லிருந்து 7.9 ஆனது. மாதம் இரண்டு தடவைக்கு மேல் வந்துகொண்டிருந்த வலி, ஒரு தடவைக்கும் கீழே போனது. பதிமூன்று பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். இருந்தாலும் மீன் தின்றுகொண்டே யூரிக் ஆசிட் குறைந்த கதையை மச்சானிடம் சொன்னபோது முதல் முறையாக நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்.

இதனால் மதுரைக்காரர்கள் எதையும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் ஆட்டில் எதையும் வீணாக்குவதில்லை. ஈரல், சுவரொட்டி, மூளை, குண்டிக்காய் எல்லாம் ப்யூரின் மூட்டைகள். பாண்டி கோயில் கிடா வெட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் பாசத்தோடு முதலில் இலையில் வைப்பதே ஈரலைத்தான். நெத்திலி, மத்தி இரண்டும் அந்த வரிசைதான். எலும்பைக் கொதிக்கவைத்த சூப்பிலும் இறங்கியிருக்கும். யூரிக் ஆசிட் உள்ளவர் இதையெல்லாம் எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணத் தொடைக்கறி நாலு துண்டுக்கு அவ்வளவு பயம் வேண்டாம் என்பது என் எண்ணம். எலும்பு ரோஸ்ட், கறி தோசை, குடல் குழம்பு மூன்றையும் ஒரே இருப்பில் முடிக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பீர் இரட்டைக் கேடு: சாராயம் யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுக்கும், பீரில் அது போக ப்யூரினும் இருக்கிறது.

பலரும் சந்தேகப்படாத ஆசாமி சர்க்கரை. அதில் பாதி ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. கல்லீரல் ஃபிரக்டோஸைக் கையாளும்போது தன் ஆற்றல் சேமிப்பான ஏடிபியை அவசரமாகச் செலவழிக்கும், செலவான மிச்சம் உடைந்து யூரிக் ஆசிடாகும். இறைச்சி, பருப்பு எதுவும் இல்லாத கூல்டிரிங்கும் யூரிக் ஆசிடை ஏற்றுவது இப்படித்தான். ஜிகர்தண்டாவை என்ன சொல்வது? அதில் உள்ள பால் நமக்கு நண்பன், பாதாம் பிசின் பாவம் ஒன்றும் செய்யாது, நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் எதிர்க்கட்சி. வெயில் காலத்தில் மாதம் ஒன்று குடித்தால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். தினம் சாயங்காலம் கடைக்கு வரவழைத்துக் குடித்தால் கணக்கு வேறு. மச்சான் வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

சரி, எடையைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் யூடியூப் பார்த்து, வெள்ளரிக்காயும் எலுமிச்சைத் தண்ணீரும் என்று இறங்கிவிட்டார். மதியம் ஒருவேளை மட்டும் ஏதோ கொறிப்பார். சித்திரை மாச வெயில் வேறு. எடை மளமளவென்று இறங்கியது, கடைப் பையன்கள் எல்லாம் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் கணுக்காலில் வந்தது வலி, முதல் தடவையைவிட மோசமாக.

பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை எரிக்கிறது, கீட்டோன் என்ற பொருள்கள் உண்டாகின்றன. கீட்டோனும் யூரிக் ஆசிடும் சிறுநீரகத்தில் வெளியேற ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். கீட்டோன் முந்திக்கொள்ள, யூரிக் ஆசிட் உள்ளேயே தங்கிவிடும். சொந்தத் திசுக்களும் வேகமாகக் கரைவதால் உற்பத்தியும் கூடும். வியர்வையில் தண்ணீர் வற்றினால் கேட்கவே வேண்டாம். எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குக்கூட முதல் சில வாரங்களில் இப்படி வலி வருவதுண்டு. எடை நிலைத்த பிறகு யூரிக் ஆசிட் நன்றாகவே இறங்கும். எடை குறைவது நல்லது, வேகம்தான் கெடுதல். வாரத்துக்கு அரை கிலோ போதும் என்று டாக்டர் சொன்னபோது மச்சானுக்கு ஏமாற்றம். மாதத்துக்கு ரெண்டு கிலோவா, அதுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு பாடு என்றார்.

டாக்டர் இன்னொன்றும் செய்தார். அவருடைய பிபி மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. நல்ல மருந்துதான், ஆனால் யூரிக் ஆசிடைப் பிடித்துவைக்கும். அதை மாற்றி லோசார்டன் எழுதினார். அது கொஞ்சம் வெளியே தள்ளும் குணம் உள்ளது. இந்த மாற்றத்தை டாக்டர்தான் செய்ய வேண்டும், யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கூடவே யூரிக் ஆசிட் உற்பத்தியைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் தொடங்கினார். தொடங்கிய மாதங்களில் மறுபடி வலி வரலாம், வந்தாலும் விடக்கூடாது என்று முன்னாலேயே சொல்லிவைத்தது நல்லதாகப் போயிற்று.

ராத்திரிப் பரோட்டா வாரம் ஒருநாளானது. பருப்பு திரும்ப வந்தது. மச்சான் வீட்டு அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம், பருப்பில்லாமல் இந்த ஊரில் என்னத்தைச் சமைப்பது? மோர் தாராளமாக. காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. முதலில் ஒரு சுற்றுக்கே மைய மண்டபத்தைப் பார்த்தபடி கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். இப்போது நடந்துகொண்டே கடைக் கணக்கைப் போனில் பேசுகிறார், மூச்சு வாங்குவதில்லை.

ஒல்லியானவர்களுக்கு வராதா? வரும். சிறுநீரகத்தில் யூரிக் ஆசிடைக் கடத்தும் மரபணுக்கள் சிலருக்குப் பிறவியிலேயே கஞ்சத்தனமானவை. 58 கிலோ ஆட்டோக்காரர் ஒருவர் 8.8 வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், அப்பாவுக்கும் இருந்ததாம். அவரிடம் எடையைக் குறையுங்கள் என்றால் அடிக்க வருவார். பெண்களுக்கு மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிடை வெளியே தள்ளிக் காக்கிறது. நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பும் போய், எடையும் ஏறுகிற வயதாக இருப்பதால், ஐம்பதைத் தாண்டிய அக்காக்களின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்ப்பது கூடிக்கொண்டே போகிறது.

அப்புறம் இந்தக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குத்துகிறது, யூரிக் ஆசிட் பார்க்கணும் என்று வருகிறவர்கள் ஏராளம். அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநாரின் பிரச்சினை. மாடி ஏறினால் நோகும் முழங்கால், தேய்மானம். இரண்டுக்கும் எடை காரணமாக இருக்கலாம், யூரிக் ஆசிட் காரணம் இல்லை. ஆனால் பார்த்த இடத்தில் 7.3 என்று ஒரு எண் வந்துவிட்டால், பழி முழுக்க அதன் தலையில். யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட மூட்டு வலி வராதவர்கள்தான் அதிகம். வலியே இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை போடச் சொல்வதில்லை பெரும்பாலான டாக்டர்கள். அந்த ஆட்களுக்கு அந்த எண், இடுப்பளவைப் பற்றி உடம்பு எழுதிய ஒரு கடிதம் என்பதோடு சரி. நம் ஆட்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காலையில் வெறும் வயிற்றோடு வந்தால் போதும். முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடந்து வராதீர்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் போடுகிறவர்கள் சொல்லிவிடுங்கள். பாட்டிலில் உண்டாகும் ரோஸ் நிறத்தை அது கெடுத்து, எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

மச்சான் இப்போது 86 கிலோ. யூரிக் ஆசிட் 5.7. இதில் மாத்திரை எவ்வளவு, தெப்பக்குளம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். இன்னும் எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் யோசிப்போம் என்றாராம். தீபாவளி முடியட்டும், கடையில் ஆள் நிற்கிற நேரம், அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறார் மச்சான்.